வீட்டெதிரே நின்ற எஞ்சின்

ஆர்.எஸ்.புரம் கடையில், மேசை மேல் கரண்டில் ஓடும் சின்னஞ்சிறு நீராவி எஞ்சின் மாதிரிகள் இரண்டைக் கடைக்காரர் ஓட்டிக் காட்டினார். பெரியது, தண்டவாளம் பிரியும் இடத்தைத் தடங்கலில்லாமல் தாண்டியது. சின்னது சரியாக அங்கே போய் நின்றுகொண்டது.

"இது வேண்டாங்கக்கா. சக்கரம் கம்மி, தண்டவாளம் பிரியற எடத்துல கரண்ட்டு சரியா எடுக்காதுங்க. நம்பி வாங்க முடியாது" என்று அதை என் கையில் கொடுத்தார். சூடான எண்ணெய் வாசம் அடித்தது.

அது அப்பாவின் சட்டை வாசம். அவர் எஞ்சின் டிரைவர். நான் எழும் முன்னே போய், தூங்கிய பிறகுதான் வருவார். காரமடையில் எங்கள் வீடு ரயில் பாதையை ஒட்டி இருந்தது. அவர் ஓட்டிய ஒரு பழைய எஞ்சின், நீராவி போதாமல் அடிக்கடி வீட்டெதிரே நின்றுவிடும். பயணிகள் திட்டத் திட்ட எனக்குக் கொண்டாட்டமாக இருக்கும். அம்மா தரும் காப்பிச் சொம்போடு ஓடுவேன்.

"மெதுவா வா அம்மணி, இது இப்போதைக்கு நகராது" என்று கரி படிந்த முகத்தோடு அப்பா சிரிப்பார்.

"பெருசையே கட்டட்டுங்களா?" என்றார் கடைக்காரர்.

வீட்டில் நான் மேசை மேல் அமைத்திருக்கும் ரயில் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், அட்டையில் செய்த அந்தக் காரமடை வீடு இருக்கிறது.

"சின்னதே இருக்கட்டுங்க" என்றேன். "எங்கூட்டு முன்னால நிக்கோணும்."