கரண்ட் போனால் ஒரு சிவப்புத் தையல்

என் தங்கை வென்றவை இவை. எங்கள் தெருவின் நாற்பத்தொரு சிறிய கடைகளுக்கும் பெரிய கம்பெனிகளுக்கான மின்கட்டணம் வராமல் பழைய கட்டணமே நின்றது. பகலில் கரண்டை நிறுத்துவதென்றால் முந்தின நாளே கடைக்காரர்களிடம் சொல்லியாக வேண்டும் என்று உத்தரவு வந்தது. தெருமுனைக்குப் புது டிரான்ஸ்பார்மர் வந்தது. மின்சார அலுவலகத்தில் புகார் சொல்ல வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு போட்டார்கள். பெஞ்சு உத்தரவில் இல்லை. ஆனாலும் விடாமல் கேட்டவள் அவள்தான் என்பதால் சேர்த்து எழுதுகிறேன்.

இத்தனைக்கும் அவள் பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. அம்மா வேலைக்குப் போனபோது கைக்குழந்தையாக இருந்த தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருத்தி வேண்டியிருந்தது. நான் எட்டாவது வரை படித்து, பார்சல் ஆபீசில் முகவரி எழுதும் வேலைக்குப் போனேன். அவள் தையல் கற்றாள். பத்துக்கு எட்டடியில் ஒரு கடை, மோட்டார் வைத்த இரண்டு மெஷின்.

அந்த வருடம் பிப்ரவரியில், சிறுகடைகளையும் பெரிய கட்டணத்தில் சேர்க்க வேண்டும் என்று மின்சார அலுவலகம் கட்டண ஆணையத்தில் மனுப் போட்டது. பகல் முழுக்கத் தடையில்லாமல் கரண்ட் தருகிறோம், அதனால் கூடுதலாகக் கேட்கிறோம் என்பது அவர்கள் வாதம். அந்தக் கட்டணம் வந்தால், ஒரு மெஷினை விற்றாலும் தங்கை கடை தாங்காது.

பக்கத்துச் சலவைக்கடை அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தடையில்லாமயா? என் இஸ்திரிப் பெட்டி சூடேறுறதுக்குள்ள மூணு தடவ போகுது!"

"போகுதுன்னு எப்படிண்ணே காட்டுறது?" என்றாள் தங்கை.

"நீதான் தைக்கிறவளாச்சே. தைச்சு வை, தங்கச்சி."

அவர் கிண்டலுக்குச் சொன்னார். இவள் மார்ச் முதல் தேதியே ஒரு வெள்ளைத் துணிப்பட்டையை எடுத்துவிட்டாள். ஒரு நாளுக்கு ஒரு வரிசை. கரண்ட் போன ஒவ்வொரு கால் மணிக்கும் ஒரு சிவப்புத் தையல். போகாத நாளுக்கு ஒரே ஒரு நீலத் தையல். மே கடைசி வரை தொண்ணூற்றிரண்டு வரிசை. அதைப் பார்த்து நான் தேதிவாரியாகப் பட்டியல் எழுதினேன். அவள் பெருவிரல் ரேகை வைத்து, அதை ஆட்சேபமாகக் கொடுத்தாள்.

விசாரணை நாளன்று அவள் எழுந்து நின்றதுமே, மின்சார அலுவலக இன்ஜினியர் பக்கத்திலிருந்தவரிடம், "கைநாட்டெல்லாம் கட்டணம் பேச வந்தாச்சு" என்றார், எங்கள் காதில் விழும்படியாகவே.

"கைநாட்டுன்னு என் பில்லுல ஏதாச்சும் தள்ளுபடி போட்டீங்களா சார்?" என்றாள் இவள். பின் வரிசையில் சலவைக்கடை அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

விசாரணை அதிகாரி பட்டியலைச் சத்தமாக வாசித்தார். "மார்ச் ஒன்று, இரண்டரை மணி நேரம்."

"இல்லீங்க. அன்னைக்குப் போகவே இல்ல. முப்பது சட்டைக்கு ஒரே மூச்சுல காலர் வச்சேன். நீலம்தான் போட்டேன்."

துணியை விரித்துப் பார்த்தோம். நான் துணியின் உள்பக்கத்தை நல்ல பக்கம் என்று நினைத்து, தலைகீழாகப் புரட்டி வைத்து எழுதியிருக்கிறேன். கடைசி நாள் முதல் நாளாகிவிட்டது. ஒரு தேதிகூடச் சரியில்லை. ஒரு முகவரியைக்கூடத் தப்பாக எழுதாதவள் நான்.

அதிகாரி கோபப்படவில்லை. "தனக்கு நட்டம்னு தெரிஞ்சும் தப்பைச் சொல்றாங்க. இவங்க கணக்கை நான் பார்க்கணும்" என்றார். பிறகு சட்டத்தைச் சொன்னார்: தேதிகளை அடித்துத் திருத்தலாம், ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் ஆட்சேபம் கொடுத்தவர் ஒப்பம் வேண்டும், ரேகை வைத்தால் மையில் எண்ணே மறைந்துவிடும், அதனால் கையெழுத்துத்தான். சாப்பாட்டு இடைவேளைக்குள் முடிக்க வேண்டும்.

வராந்தாவில் உட்கார்ந்தோம். பள்ளிச் சட்டைக் காலர்களில் எத்தனையோ பிள்ளைகளின் பெயரை நூலில் எழுதியிருக்கிறாள். சீட்டில் எழுதிக் கொடுத்தால் எழுத்தின் வளைவைப் பார்த்து அப்படியே தைத்துவிடுவாள். அவள் பெயரை மட்டும் யாரும் அவளுக்கு எழுதிக் கொடுத்ததில்லை, நாற்பத்து மூன்று வயது வரை. முகவரி எழுதியே பிழைக்கும் நானும்தான்.

எழுதிக் கொடுத்தேன். மூன்றே எழுத்து.

"இவ்வளவுதானாக்கா? ஒரு காலருக்கே பத்தாதே!"

"போடுடி முதல்ல. தொண்ணூத்திரண்டு இருக்கு."

பேனாவை ஊசி மாதிரி பிடித்து, கீழிருந்து மேலாக இழுத்தாள். முதல் எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. அந்தத் தாளின் நகலை நான் வைத்திருக்கிறேன். மார்ச் ஒன்றாம் தேதித் திருத்தத்துக்குப் பக்கத்தில் அவள் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டது 2014 ஜூன் 17, செவ்வாய்க்கிழமை.