மதிலுக்கு மேலே சூடு

காலை ஆறு மணி, வெப்பமானி இரண்டு, எழுதுபவர் வஸ்தியாம்பிள்ளை ஆகிய நான்: வெள்ளைக்காரன் காலத்தில் மன்னாரில் நான் பார்த்த கிளாக்கர் உத்தியோகம் இவ்வளவுதான். ஒன்று கோட்டை மதிலின் அடியில், மற்றது உச்சியில். மேலதிகாரி வாய்த்த எவரும் மிச்சத்தை ஊகித்துவிடலாம்.

பிழை திருத்தம்

மாசி விடியலில் இங்கே காற்று அசையாது. இரவில் மணல் ஆறிவிடும். அதன்மேல் உள்ள காற்றும் குளிர்ந்து, கனத்து, அடியிலேயே படுத்துக் கிடக்கும். மேலே சூடு, கீழே குளிர். அப்படியே எழுதி அனுப்பினேன். உயரப் போனால் குளிர வேண்டும், மாற்றி எழுதிவிட்டீர், திருத்துக என்று கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. கொண்டுவந்த தபாற்காரர் சூசைக்கு வாசித்துக் காட்டினேன்.

"ஒருக்காத் தலைகீழா நிண்டு பாருங்கோ கிளாக்கர். கொழும்புக்குச் சரியா வரும்."

பதினொரு மணி மூக்கு

மதிலோரத்தில் மீராசாகிப் மீன் கீறிக் காயப்போடும் கருவாட்டு வாடி. அடுத்தது ஊரை ஆண்ட வெள்ளைக்காரத் துரையின் பங்களா. விடியலில் நாற்றம் தாங்க முடியவில்லை, வாடியை அகற்றலாமா பார் என்று துரை சுகாதாரப் பரிசோதகரை அனுப்பினார். வள்ளங்கள் கரையேற வேறு இடமில்லை. வாடி போனால் மீராசாகிபின் பிழைப்பும் போகும்.

பரிசோதகர் கந்தோர் திறந்து, தேத்தண்ணி குடித்து, பதினொரு மணிக்குப் போனார். அதற்குள் வெயில் மணலைச் சுட்டு, கீழ்க்காற்றைக் கிளப்பி, மேல்காற்றோடு கலக்கிவிட்டிருந்தது. மூன்று நாள் போனார். மூன்று நாளும் "நாற்றமில்லை" என்று எழுதினார். லஞ்சம் வாங்கிவிட்டாய் என்று துரை குதித்தார். ஒரு கிழமைக்குள் வாடியைப் பிடுங்க உத்தரவு. பரிசோதகர் என்னிடம் வந்து குமுறினார்.

"துரையின்ர மூக்கைத்தான் கழட்டிப் பரிசோதிக்க வேணும்!"

படியேற்றம்

மறுநாள் ஆறு மணிக்கு, மூக்கை லேஞ்சியால் பொத்திக்கொண்டு துரையே உலாவ வந்தார். மதிலில் ஏறிப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். உச்சியில் லேஞ்சியை எடுத்தார். இறங்கினார், பொத்தினார். திரும்பவும் ஏறினார். வெயில் வரும்வரை இந்த இரண்டு காற்றும் ஒன்றோடொன்று சேராது, நாற்றம் கீழேயே கிடக்கும் என்றேன்.

அன்றே துரையின் கட்டில் மேல்மாடிக்குப் போனது, உத்தரவு கிழிந்தது. செய்தியைச் சொன்னபோது மீராசாகிப், கீறிய மீனிலிருந்து தலை நிமிரவில்லை.

"துரை மேலயே இருக்கட்டும் கிளாக்கர். கீழ நாங்க கிடந்துக்கிறம்."

பங்குனி பத்தாம் திகதி, உச்சியில் சூடு காட்டுவதால் மேல் வெப்பமானி பழுது, கழற்றி அனுப்புக என்று கொழும்பு எழுதியது, கழற்றி அனுப்பினேன்.