சீலைக்கு முன்பக்கம்

என் மாட்டுக் கரத்தையின் கூட்டுக்கு முன்னால் ஒரு பச்சைச் சீலை தொங்கியது. அதற்கு இந்தப் பக்கம் ஓட்டுகிற நான். அந்தப் பக்கம் ஐந்து பெண்பிள்ளைகள். ஐம்பதுகளில் மருதமுனையிலிருந்து கல்முனைப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு அப்படித்தான் போனார்கள். ஆம்பிளைகளோடு சேர்ந்து படிக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. ஐவரில் மூத்தவர் என் ராத்தா, கூடப் பிறந்த அக்கா. வாப்பா மௌத்தான பிறகு அவரைப் படிக்க வைத்தது, இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான்தான். இன்று என் பெயரில் நாலு லொறி ஓடுகிறது. படித்தவர்கள் எத்தனையோ பேர் என் வாசலில் வேலை கேட்டு நின்றிருக்கிறார்கள். எந்தக் கடுதாசியையும் வாசிக்காமல் நான் ஒப்பம் வைத்ததில்லை.

அந்த வாசிப்பு சீலைக்குப் பின்னாலிருந்து வந்தது. பாண்டிருப்பு தாண்டுமட்டும் ராத்தா பாடத்தைச் சத்தமாகச் சொல்லுவார், மற்றவர்கள் திருப்பிச் சொல்லுவார்கள். நான் வாய்க்குள் சொல்லுவேன். எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். ஒருநாள் சீலைக்குக் கீழால் ஒரு சிலேட்டு வந்தது, பெரிய பெரிய எழுத்தோடு.

"மாட்டுக்கு வழி தெரியும். நீ இதப் பாரு."

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு ராத்தா எடுபட்ட கடிதம் வந்த அன்றே பள்ளிவாசல் மரைக்காயரும் வந்தார்.

"ஆம்பிளையும் பொம்பிளையும் ஒரே மண்டபத்துல குந்திப் படிக்கிற இடமாம். அனுப்பினா எங்கட புள்ளைகள் இனி உன்ட கரத்தையில ஏறாது, மனே."

எவனுக்கும் பயப்படாதவன் நான். அன்று பயந்தேன். கரத்தை நின்றால் உலை வைக்க அரிசியில்லை. உள்ளே போய், வேணாம் ராத்தா, ஆம்பிளைகளோடு சேர்ந்து படித்தால் மானம் போய்விடும் என்றேன். அவர் அழவில்லை.

"நீ ஆரோடடா தம்பி சேந்து படிச்ச?"

பிறகு பேராதனைக்குப் போகாமலே கல்யாணம் முடித்தார், பிள்ளை பெற்றார், மௌத்தானார். அதுவரை என்னோடு கதைத்தார், சிரித்தார். படிப்பைப் பற்றி மட்டும் ஒரு சொல் வரவில்லை. மரைக்காயரின் பேத்திமார் இன்று கம்பஸ் போகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

போன கிழமை, ஒலுவில் கம்பஸில் படிக்கிற என் பேத்தி ஒரு கட்டுக் கடுதாசியோடு வந்தாள். சேர்ந்து படிப்பது நல்லமா, தனித்தனியே நல்லமா என்று கூடப் படிப்பவர்களிடம் கேட்டிருக்கிறாள். தனியேதான் நல்லம், மனம் சிதறாது என்று கனபேர் எழுதியிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தனியே படிக்க விருப்பமென்றால் படிக்கட்டும், அது அவர்கள் பாடு. அவர்களிடம் கேட்கவாவது ஒருத்தி போனாள். ராத்தாவிடம் எவன் கேட்டான்? நான் கேட்டேனா?

நிரப்பாத கடுதாசி ஒன்றை இழுத்து எடுத்தேன்.

"மூத்தவாப்பா, அது படிச்ச ஆக்களுக்கு," என்று சிரித்தாள்.

"நானும் படிச்சவன்தான் புள்ள."

படித்த பாடசாலை ஆண்கள் பாடசாலையா, பெண்கள் பாடசாலையா, இருவரும் சேர்ந்து படிக்கிற கலவன் பாடசாலையா என்று மூன்று கட்டம் இருந்தது. கலவனுக்குப் புள்ளடி போட்டேன். பாடசாலையின் பெயர் கேட்ட இடத்தில், ராத்தா சிலேட்டில் காட்டித் தந்த அதே பெரிய எழுத்தில் எழுதினேன்: பச்சைச் சீலைக்கு முன்பக்கம்.