வேனுக்குக் கூரை போட்ட கதை

கொடைக்கானலைக் காலி செய்துகொண்டு கிளம்பிய ஒரு வெள்ளைக்காரத் தம்பதியிடமிருந்து அந்தப் பழைய வேனை வாங்கினேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஏதோ ஒரு மழைக்காலம். உள்ளே படுக்கை, அடுப்பு, மடக்கு மேசை எல்லாம் உண்டு. கூரை, பெட்டியின் மூடி போல மேலே எழும்பும்; சுற்றிலும் கித்தான் துணிச் சுவர். எழும்பும் என்று சொன்னார்கள், நாங்கள் பார்த்ததில்லை. கித்தான் கிழிந்துபோனதால் கூரையைத் திருகாணி போட்டு இறுக்கி வைத்திருந்தார்கள்.

என் மனைவி பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. என்னைவிட நான்கு விரல் உயரம். வேனுக்குள் இரண்டு வருடம் குனிந்தே டீ போட்டாள். கூரை விரிசல் வழியாக மழைத் தண்ணீர் பால் பாத்திரத்துக்குள் விழுந்த அன்றுதான் பொறுமை இழந்தாள்.

“கூரைய வெட்டிப் போட்டுட்டுத் தகரம் அடிங்க. இல்லன்னா வேனுக்குள்ள கோழி வளத்துக்கோங்க.”

பழைய பொருள்களின் அருமை பற்றி ஒரு வாரம் பேசிப் பார்த்தேன். கேட்க வீட்டில் அவள் ஒருத்திதான். அவளும் வெள்ளனே விசிலை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போய்விடுவாள். கடைசியில் தோற்றுப்போய், அவளையும் ஏற்றிக்கொண்டு வேனை மலையடிவாரத்து வத்தலக்குண்டுக்கு இறக்கினேன்.

அங்கிருந்த வெல்டர் கூரையைத் தட்டிப் பார்த்தார். “ரெண்டு மணி நேரச் சோலிங்க. வெரசா முடிச்சிரலாம்.” சாக்கட்டியால் சுற்றிலும் கோடு போட்டார். “வெட்டுறதுக்கு முன்னாடி ஒருக்கா தூக்கிப் பாத்துக்கிடுறேன். உள்ள கம்பி எப்படிக் கெடக்குன்னு தெரியணும்ல.”

திருகாணிகளைக் கழற்றிவிட்டு மேலே தள்ளினார். கூரை முனகிக்கொண்டே எழுந்தது. பையை எடுக்க உள்ளே போன மனைவி பழக்கத்தில் குனிந்தாள். பிறகு மேலே பார்த்தாள். மெல்ல நிமிர்ந்தாள். இடிக்கவில்லை. பள்ளி மைதானத்தில் செய்வதுபோல இரண்டு கைகளையும் உயர்த்தினாள். அப்போதும் இடிக்கவில்லை.

“வெட்ட வேணாம்” என்றாள்.

“நேத்து வரைக்கும் நீதானே…”

“நேத்து நான் நிமிந்து நின்னேனா?”

ஒரு வாரம் பட்டபாட்டில் நான் தகரத்தின் கட்சிக்கு மாறியிருந்தேன். அதன் பெருமைகளை எடுத்துச் சொன்னேன். வெல்டரும் எனக்குத் துணை நின்றார். அவள் வேனை விட்டு இறங்கவே இல்லை.

“அக்காவோட சேத்து வெட்ட முடியாதுங்க” என்று வெல்டர் கையை விரித்துவிட்டார்.

கூரையை மூடப் பார்த்தால் கீல்கள் இறுகிக்கொண்டன. அமுக்கினால் உடையும் என்றார். கயிற்றால் கட்டிக்கொண்டு, திறந்த கூரையோடு மலை ஏறினோம். கித்தான் படபடத்தது. பின்னால் வந்த பஸ்கள் ஹாரன் அடித்தே களைத்தன. எஞ்சின் சூடு தணிய ஒரு வளைவில் நிறுத்தினோம். ஒரு கார் பக்கத்தில் வந்து நின்றது.

“ரெண்டு டீ, ஒரு பிளேட் பஜ்ஜி” என்றார் உள்ளே இருந்தவர்.

இது கடை இல்லை என்று நான் விளக்கத் தொடங்குவதற்குள் மனைவி ஜன்னலுக்கு வந்தாள்.

“பஜ்ஜி இல்ல. டீ இருக்கு. சக்கரை எப்படி?”

எனக்கென்று பிளாஸ்கில் வைத்திருந்த டீ அப்படிப் போயிற்று.

கொடைக்கானலில், லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் ஓர் அம்மாவிடம் போனோம். சிலோன் எஸ்டேட்டிலிருந்து வந்த குடும்பம்.

“நல்ல சாமான்தானே, இதயா வெட்டப் பாத்தீங்க?” என்று கடிந்துகொண்டார். “விரிசலுக்கு, ஏரியில படகுக்கு பைபர் பூசுறவரக் கூப்பிடுங்க. துணி நான் தச்சுத் தாறேன். என்ன கலர்?”

நான் வெள்ளை என்றேன். மனைவி பச்சை என்றாள். நாங்கள் வாதாடிக்கொண்டிருக்கையில் அவர் கையிலிருந்த நீலத் தார்ப்பாயை வெட்டி முடித்துவிட்டார்.

“நீங்க ரெண்டு பேரும் கதைச்சு முடிக்கிறதுக்குள்ள மழை வந்துரும்.”

படகுக்காரர் விரிசலையும் பூசி முடித்ததும், அந்த நீலக் கூரையோடு முதலில் மேல்மலைக் கிராமமான கிளாவரைக்குப் போனோம். பகலிலேயே கனமழை. பூண்டு மூட்டையோடு நனைந்துகொண்டிருந்த ஒரு விவசாயியை உள்ளே அழைத்தோம். அவர் உட்காரவில்லை. நின்றபடியே கூரையின் மூலை முடுக்கெல்லாம் விரலால் தடவிப் பார்த்தார்.

“ஒரு சொட்டு எறங்கலையேங்க! எங்க வீடு மூணு எடத்துல ஒழுகுது. தச்சவுக எங்க இருக்காக?”

மனைவி சிகரெட் அட்டை ஒன்றின் பின்னால் வழி எழுதிக் கொடுத்தாள்.

“கலர் மட்டும் கேக்காதீங்க. அத அவுங்களே முடிவு பண்ணிருவாங்க” என்றேன் நான்.