பம்பரில் ஊன்றிய கால்

அந்த ஆட்டோக்காரர் காக்கிச் சட்டைக் காலருக்குள் பூப்போட்ட கைக்குட்டை செருகியிருந்தார். பேசும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முற்றுப்புள்ளியாக ஹாரனை அமுக்குவார்.

அடையாறு சிக்னல் தாண்டியதும் என் பழைய இங்கிலாந்துச் சின்னக் கார் வழக்கம்போல் நின்றுவிட்டது. மழையென்றால் ஸ்டார்ட் ஆகாது, வெயிலென்றால் கொதிக்கும். சென்னையில் மூன்றாவது பருவம் கிடையாது. பதினொரு மணிக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு புதுப்பிக்கும் பரிசோதனை. தவறினால் வண்டி காயலான் கடைக்குத்தான். படிவங்கள் மூன்று நகலில் தயார், வண்டிதான் தயாரில்லை.

"இன்னா சார், ஷோகேஸ்ல வெக்கிறத ரோட்டுக்கு இட்டாந்துக்கீற? உள்ள குந்து, தள்றேன்" என்று பின்னால் வந்து நின்ற ஆட்டோக்காரர், உட்கார்ந்தபடியே இடது காலை நீட்டி என் பின் பம்பரில் ஊன்றினார்.

பறந்தோம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இருந்தாலும் ஜன்னல் வழியே கத்தினேன்: "இது மோட்டார் வாகனச் சட்டப்படி தப்புப்பா!"

"அப்ப காலை எட்த்துரட்டா?"

"ஐயோ, வேணாம்!"

ஹாரன் அடித்துச் சிரித்தார்.

அலுவலக வாசலுக்குப் பத்தடி முன்னால் எஞ்சின் இருமிக்கொண்டே உயிர்பெற்றது. மணி பத்து ஐம்பத்தைந்து. நன்றி சொல்லத் தலையை நீட்டினேன். அவர் இறங்கி வந்து, தன் கால் பட்ட பம்பரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "மன்ச்சுக்க பெர்சு" என்றார். என்னிடமில்லை, காரிடம்.

பதிவு கிடைத்துவிட்டது. நாற்பது வருஷத்தில் அந்தப் பம்பரை நானும் எத்தனையோ முறை உதைத்திருக்கிறேன். ஒரு தடவைகூட எனக்கு அப்படித் தோன்றவில்லையே!