பேட்டரிக்கு வைத்த பொட்டு

என் கணவர் என்னைப் பெண் பார்க்க வந்தபோது, காபி நன்றாயிருக்கிறது என்றதோடு சரி. மோட்டார் சைக்கிளுக்கு பேட்டரி வாங்கப் போன அன்றோ கடைக்காரரைக் கேள்வி கேட்டே குடைந்துவிட்டார். எந்த மாதம் தயாரானது? தில்லிக் குளிரில் தாக்குப்பிடிக்குமா? அலமாரியில் எத்தனை நாள் தூங்கியது? சலித்துப்போன கடைக்காரர், தண்ணீரே ஊற்ற வேண்டாத பேட்டரி ஒன்றை நீட்டினார். "இதுக்கு ஒண்ணுமே செய்ய வேண்டாம், பாய் சாப்."

"அப்புறம் நான் எதுக்கு?" என்று என்னிடம் தமிழில் முனகிவிட்டு, தண்ணீர் ஊற்றும் ரகத்தையே வாங்கினார்.

அதோடு கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் ஒழிந்தன. டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும், அளவுக் கோட்டைத் தாண்டக் கூடாது, கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது பிளஸ் முதலில். பாடம் கேட்க மட்டும் நான் வேண்டும்; தொட எனக்கு உரிமை கிடையாது. கல்யாணத்துக்கு முன் அப்பாவின் வண்டியை ஓட்டியவள் நான் என்பது அவர் காதில் ஏறவேயில்லை.

போன வருஷம் விஜயதசமியன்று ஜனக்புரியில் என் தமிழ் வகுப்பு தொடங்க இருந்தது. என் சொந்த வகுப்பு! தில்லியில் பிறந்து, தமிழைக் காதால் மட்டுமே அறிந்த பிள்ளைகள். அரிசியில் முதல் எழுத்து எழுத வேண்டும். நல்ல நேரம் தப்பினால் அம்மாக்கள் பிள்ளைகளை அப்படியே பக்கத்துத் தெரு கீபோர்டு வகுப்புக்கு இழுத்துப் போய்விடுவார்கள்.

பட்டுப்புடவையில், கையில் அரிசித் தட்டோடு இறங்கி வந்தேன். முந்தின நாள் ஆயுத பூஜைக்குப் போட்ட மாலையோடு வண்டி நின்றது. அவர் செல்ஃப் பட்டனை அமுக்கினார். 'டிக்' என்றது. மறுபடியும் 'டிக்'. ஹாரன் தொண்டை கட்டிய மாதிரி முனகியது. உதைத்துக் கிளப்ப அந்த வண்டியில் கிக்கரும் இல்லை.

"ஏனுங்க, ஆட்டோல போயிரலாமுங்க."

"புது பேட்டரி வாங்கிப்போட்டு ஆட்டோவா? அட, தள்ளு புள்ள!"

தட்டைப் படியில் வைத்துவிட்டுத் தள்ளினேன். மேல்வீட்டு ஆன்ட்டி பால்கனியிலிருந்து "ஜோர் சே! ஜோர் சே!" என்று, இன்னும் பலமாகத் தள்ளச் சொல்லி உற்சாகப்படுத்தினார். மானமே போயிற்று. வண்டி நகர்ந்ததே தவிர உயிர் வரவில்லை.

"நேத்து ஸ்டார்ட் ஆச்சுங்களா?"

"பூசையில வெச்சதை எப்படி எடுக்கறது? பேட்டரியக் கழட்டி, தொடச்சு, பொட்டு வெச்சு, மாட்டுனதோட சரி."

எனக்குப் பொறி தட்டியது. "பொட்டை எங்க வெச்சீங்க?"

அவர் வானத்தைப் பார்த்தார்.

பக்கமூடியைத் திறந்து, ஒயரைத் தூக்கிப் பார்த்தேன். ஒயர் டெர்மினலோடு ஒட்டி உட்கார வேண்டிய இடத்தில் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம். பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் ஓரவஞ்சனையே காட்டவில்லை, மகராசன்! கரண்ட் எந்த வழியாகப் போகும்?

"ஸ்பானரைக் குடுங்க."

"நீயா?"

"ஸ்பானர்!"

மைனஸ் முதலில். பாழாய்ப்போன அந்தப் பாடம் ஒரு வரி விடாமல் நினைவிலிருந்தது. உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தேன். மாட்டும்போது பிளஸ் முதலில். பட்டனை அமுக்கியதும் வண்டி சீறிக் கிளம்பியது. அவர் ஓட்ட வருவதற்குள் நான் முன்னால் ஏறிவிட்டேன். அரிசித் தட்டை அணைத்துக்கொண்டு அவர் பின்னால் உட்கார்ந்தார்.

நல்ல நேரம் முடியுமுன் போய்ச் சேர்ந்தோம். ஒரு குட்டிப்பெண்ணின் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுத வைத்தேன். அவள் எழுத்தைப் பார்க்கவில்லை.

"டீச்சர், உங்க ஹாத் ஏன் காலா இருக்கு?"

அம்மாக்களெல்லாம் கறுத்துக் கிடந்த என் கையைப் பார்த்தார்கள். "அங்கிளைக் கேளு கண்ணு" என்றேன்.

வாசலில் நின்றவர் திருதிருவென்று முழித்தார். தப்பிக்க வழியில்லை. "அங்கிள் பேட்டரிக்குப் பொட்டு வெச்சுக் கெடுத்துப்போட்டேன் சாமி. உங்க டீச்சர்தான் சரி பண்ணுனாங்க."

வகுப்பு முடிந்து வெளியே வந்தோம். வண்டிச் சாவி என் கையிலேயே இருந்தது. அவர் கேட்கவில்லை; ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நேராகப் பின்சீட்டுப் பக்கம் போய் நின்றார்.