மடியிலிருந்த பை

சொந்த வேனில் வெளியூர்க்காரர்களுக்குச் சிங்கப்பூரைச் சுற்றிக்காட்டுவது என் பிழைப்பு. அரை நாளில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். அந்தத் திமிரில்தான் அன்று தப்புச் செய்தேன்.

தஞ்சாவூர்ப் பெரியவர் ஒருவரைத் தேக்கா கடைத்தெருவில் ஏற்றிக்கொண்டேன். சாயங்காலம் அவருக்கு விமானம். மடியில் ஒரு துணிப்பை வைத்திருந்தார்.

"பின்னால வெச்சிடவா, ஐயா?"

"இருக்கட்டும்மா. மகன் இங்கதான் யுனிவர்சிட்டில படிச்சான். கிளாஸ் முடிஞ்சா வெஸ்ட் கோஸ்ட் கடற்கரையில போய் உட்காருவானாம். அதை மட்டும் பார்த்தா போதும்."

"அங்க துறைமுகத்து கிரேன் தவிர ஒண்ணும் இல்ல லா, ஐயா. நான் நல்ல இடமா காட்டுறேன்."

அவர் மறுத்துப் பேசவில்லை. மெர்லயன் சிலை, பூந்தோட்டம் என்று இழுத்துக்கொண்டு போனேன். எங்கும் பையை இரு கைகளாலும் அணைத்தபடியே நின்றார். "சிரிங்க ஐயா" என்று படம்கூட எடுத்தேன்.

விமான நிலையத்தில் இறக்கிவிட்டபோது, "அடுத்த தடவை மகனோட வாங்க, அந்த பீச்சுக்கும் போகலாம்" என்றேன்.

அவர் பையைப் பார்த்தார். "இதுல அவன்தாம்மா இருக்கான். நேத்து தகனம் பண்ணி, காலையிலதான் சாம்பலைக் கொடுத்தாங்க. அவனுக்கு அந்த இடத்தை இன்னொரு தடவை காட்டிடலாம்னு நினைச்சேன்."

திரும்பிப் போக நேரமில்லை. கும்பிட அவருக்குக் கை ஒழியவில்லை. தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே போனார்.

இப்போது சில மாலைகளில் நான் அந்தக் கடற்கரையில் போய் உட்காருகிறேன். நான் சொன்னது சரிதான், கிரேன்களைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. எழுந்துவரத்தான் முடிவதில்லை.